ஏணிப் புத்தகத்தின் பின்பாதி

1. முதல் நாள்

டிரெய்லர் டிரைவராக என் முதல் நாளில் நான் வண்டி ஓட்டிய தூரத்தை ஒரு குழந்தை தவழ்ந்தே கடந்துவிடும். காலையில் திருவொற்றியூரில் கன்டெய்னர் பெட்டியோடு வண்டியை எடுத்தேன். எண்ணூர் ரோட்டில் துறைமுகத்துக்குப் போகிற கியூவின் வாலில் கொண்டுபோய் ஒட்டினேன். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் கம்பெனிச் சுவர், முன்னால் இன்னொரு டிரெய்லரின் முதுகு. அந்த முதுகில் 'ஹாரன் அடிக்கவும்' என்று பெயின்டில் எழுதியிருந்தது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அடித்தேன். முன் வண்டியிலிருந்து லுங்கியை மடித்துக் கட்டியபடி ஒருவர் இறங்கி வந்தார்.

"இன்னாத்துக்கு அடிச்சே?"

"எழுதிக்கீதே அண்ணே."

"எழுதிக்கீதுன்னா அடிச்சுடுவியா? புதுசா நீ?"

"ஆமா."

"இன்ஜினை ஆஃப் பண்ணு. சட்டையைக் கழட்டு. குந்து. இன்னிக்கு வேலை அவ்ளோதான்."

அவர்தான் டில்லி. அன்று மாலைக்குள் நான் அவருக்கு மாமு ஆகிவிட்டேன், அவர் எனக்கு மாமு ஆகிவிட்டார். கியூவில் உறவு அவ்வளவு வேகமாக வளரும். வளராதது கியூ மட்டும்தான்.

புதிதாக டிரெய்லர் ஓட்ட வருகிற தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். ரிவர்ஸ் எடுக்கவும், பெட்டியின் நாலு மூலைப் பூட்டையும் சரிபார்க்கவும் கற்றுக்கொடுக்க ஆள் இருக்கிறார்கள். நான் சொல்லப் போவது நிற்பதைப் பற்றி.

என் பெயர் ஏழுமலை. வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டில் வளர்ந்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. காசிமேட்டில் ஐஸ் உடைத்தேன். கொடுங்கையூர் குப்பைமேட்டில் இரும்பு பொறுக்கினேன். காலில் ஆணி ஏறியது, வேறு வேலைக்குப் போனேன். சூரத்தில் சாயப்பட்டறையில் ஒரு மழைக்காலம் இருந்தேன், கை இரண்டும் நீலமானது. நீலம் போனதும் கிளம்பிவிட்டேன். கோவாவில் ஹோட்டலில் பாத்திரம் தேய்த்தேன், விஜயவாடாவில் லாரிக்கு கிளீனராக இருந்து டிரைவிங் பழகினேன். எங்கேயும் என்னை யாரும் துரத்தியதில்லை. காலையில் செருப்பை மாட்டும்போது கால் தானாக வேறு பக்கம் திரும்பிவிடும்.

என் மனைவி கலா ராயபுரத்தில் ஒரு தையல் கம்பெனியில் ஒரே மெஷினில் ஒரே இடத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவள். டிரெய்லர் வேலைக்கு நான் கிளம்பிய காலையில் அவள் சொன்னது இதுதான்: "ஸ்கூல்ல உங்கப்பா இன்னா வேலைன்னு கேட்டா உம் பொண்ணு 'இப்போவா மிஸ்?'ன்னு கேக்குதாம். மிஸ்ஸு என்னைக் கூப்ட்டு சிரிக்கிறாங்க. நான் எந்தப் பக்கம் மூஞ்சிய வச்சிக்கிறது?"

அந்த நினைப்பில்தான் முதல் நாள் முழுக்க கேபினில் உட்கார்ந்திருந்தேன். மத்தியானத்துக்குள் கால் இரண்டு முறை செருப்பைத் தேடியது.

2. ஸ்டெல்லாக்காவின் மீன் கூடை

கியூவில் எல்லாம் வரும். சுண்டல் வரும், பிரியாணி வரும், ஷேவிங் பண்ண ஆள் வருவார். ஒருநாள் கிளி ஜோசியர் வந்து, எல்லா டிரைவருக்கும் 'தூரப் பயணம் உண்டு' என்று சொல்லிவிட்டுப் போனார். நின்ற இடத்தில் நின்றபடி அதைக் கேட்டோம்.

மொபெட்டில் வந்தவர் ஸ்டெல்லாக்கா. ராயபுரம் மீனவர் தெருக்காரர். கணவருக்குக் கடல். ஸ்டெல்லாக்காவுக்கு எண்ணூர் ரோடு. மொபெட்டின் ஒரு பக்கம் சுண்டலும் தண்ணீர் பாட்டிலும், மறு பக்கம் பிளாஸ்டிக் மீன் கூடை நிறையப் புத்தகங்கள். முதல் நாள் என் ஜன்னலுக்குக் கீழே நின்று கேட்டார்.

"புக் வோணுமா, சுண்டல் வோணுமா?"

"நான் எட்டாவதுதான்கா."

"படிக்கறதுக்கு எட்டாவது போதும்பா. எழுதறவனுக்கு அதுகூட வேணாம். இந்தா, புடி."

சுண்டல் வாங்கினால் புத்தகம் படிக்கச் சும்மா தருவார். எல்லாம் வாழ்க்கையில் முன்னேறுகிற புத்தகங்கள்தான். கதைப் புத்தகம் வைத்துப் பார்த்திருக்கிறார், டிரைவர்கள் அழுது விடுகிறார்களாம். அழுகிறவன் சுண்டல் வாங்குவதில்லை. அதனால் முன்னேற்றத்துக்கு மாறிவிட்டார். அவர் தம்பி ராயபுரத்தில் பழைய பேப்பர் கடை வைத்திருந்தார். எடைக்கு வருகிற புத்தகங்களில் நல்லதை எடுத்து, பிரிந்ததைத் தைத்து, அட்டை ஒட்டிக் கொடுப்பார்.

தலைப்பை யாரும் சொல்வதில்லை. அட்டையில் இருக்கிற படம்தான் பெயர். சிங்கம் புக், சூரியன் புக், கழுகு புக், ஏணி புக். எல்லாவற்றிலும் மீன் வாசம் ஏறியிருக்கும். இன்றைக்கும் எனக்கு முன்னேற்றத்தின் வாசம் என்றால் சங்கரா மீன் வாசம்தான்.

ஸ்டெல்லாக்காவின் சட்டம் ஒன்றே ஒன்று. கியூவின் வாலில் புத்தகம் கொடுப்பார். துறைமுக கேட்டுக்கு முந்தைய வளைவில், டீக்கடை பக்கம் நின்று, திரும்ப வாங்கிக்கொள்வார். இன்னும் ஒரு பக்கம்தான், அரைப் பக்கம்தான் என்றெல்லாம் கெஞ்சினால் நடக்காது.

"கேட்டு உள்ள போன புக்கு பெங்களூர்லதான் வெளிய வரும். எனக்குத் தெரியாதா? குடு."

ஆக ஒரு புத்தகத்தின் நீளம் அன்றைய கியூவின் நீளம். எவ்வளவு மெதுவாக நகர்ந்தாலும் பாதிக்கு மேல் யாரும் படித்ததில்லை; சமைக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும், தூங்க வேண்டும், முன் வண்டி நகர்கிறதா என்று ஒரு கண் வைக்க வேண்டும். அடுத்த முறை கியூவுக்கு வரும்போது அந்தப் புத்தகம் வேறு ஒருவரிடம் இருக்கும். நமக்குக் கிடைப்பது வேறு புத்தகம், மறுபடி முதல் பக்கம். இப்படி எங்கள் கியூவில் எல்லோரும் எல்லாப் புத்தகத்திலும் முன்பாதியை மட்டும் படித்தவர்கள். முன்பாதியில் எல்லாப் புத்தகமும் ஒன்றையேதான் சொல்லும்: நீ சிங்கம், எழுந்திரு! எழுந்து எங்கே போவது என்பது பின்பாதியில் இருக்கும்.

3. முன்பாதி சிங்கங்கள்

டில்லி சிங்கம் புக் படித்தார். 'முடியாது என்று சொல்லப் பழகுங்கள்' என்று அதில் ஒரு அத்தியாயம். மறுநாள் டீக்கடையில் மாஸ்டர், "சக்கரை போடவா?" என்று கேட்க, டில்லி நெஞ்சை நிமிர்த்தி, "முடியாது" என்றார். சக்கரை இல்லாத டீயை முகத்தைச் சுளிக்காமல் குடித்தார். மாஸ்டர் என்னைப் பார்த்து, "இவருக்கு இன்னா பேஜாரு?" என்றார்.

சூரியன் புக் படித்த ஒருவர் விடியும் முன்பே எழுந்து, எல்லோரும் முன்னேற வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் ஹாரனை அழுத்திக்கொண்டே நின்றார். அன்று அவர் மேல் விழுந்த செருப்புகளில் ஒன்று என்னுடையது. கழுகு புக் படித்தவர்கள் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. உயரத்தில் பறக்கிறார்களாம்.

எனக்கு வாய்த்த புத்தகத்தில், 'தினமும் கண்ணாடியைப் பார்த்து, உன்னால் முடியும் என்று சத்தமாகச் சொல்லுங்கள்' என்றிருந்தது. கேபினில் கண்ணாடி ஏது? சைடு மிரர்தான். தலையை நீட்டி மிரரைப் பார்த்து, "உன்னால முடியும். ஆசைப்படு. வெக்கப்படாதே" என்று உரக்கச் சொன்னேன். மிரரில் என் முகம் ஓரமாகத்தான் தெரிந்தது. நடுவில் தெரிந்தது பின் வண்டி டிரைவர். ரோட்டோரம் பக்கெட்டில் தண்ணீர் வைத்துக் குளித்துக்கொண்டிருந்தார்.

"யோவ்! இன்னாயா அங்க பாத்துகினு இன்னா பேசறே?" என்று சோப்பு நுரையோடு ஓடி வந்தார். புத்தகத்தைக் காட்டிப் புரியவைத்தேன். பக்கத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, "அப்போ சரி. எனக்கும் ரெண்டு வாட்டி சொல்லு" என்றார். சொன்னேன். சந்தோஷமாகப் போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்.

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆனால் ஒன்று நடந்தது. செருப்பைத் தேடுகிற கால் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அடுத்த பக்கத்தில் என்ன இருக்கும் என்ற ஆசையில், ஓடிப்போக மறந்துபோனேன்.

4. ஏணி

அப்போது நான் ஸ்பேர் டிரைவர். நிரந்தர டிரைவருக்குக் காய்ச்சல் வந்தால், மச்சினி கல்யாணம் வந்தால், அவர் வண்டியை எடுத்து ஓட்டுகிறவன். கேபின் அவருடையது, தலையணை அவருடையது, டேஷ்போர்டில் இருக்கிற சாமியும் அவருடையது. ஒரு வாரம் பிள்ளையார், அடுத்த வாரம் வேளாங்கண்ணி மாதா, அதற்கடுத்த வாரம் புத்தர். எல்லோரும் என்னைப் புதிய ஆள் மாதிரியே பார்ப்பார்கள்.

முதலாளி அண்ணாச்சி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். மளிகை மொத்த வியாபாரத்தில் தொடங்கி லாரிக்கு வந்தவர். ஆயுத பூஜைக்கு ஒரு புது டிரெய்லர் இறக்கப் போகிறார் என்று பேச்சு வந்தது. எங்கள் தொழிலில் புது வண்டிச் சாவியை ஆயுத பூஜை அன்று பூசணிக்காய் உடைத்துவிட்டுத்தான் டிரைவர் கையில் கொடுப்பார்கள். சாவி யார் கைக்குப் போகிறதோ, அந்த வண்டி அவருடையது மாதிரி. வேறு யாரும் தொட மாட்டார்கள்.

அந்தச் சாவி எனக்கு வேண்டும் என்று தோன்றியது. எனக்கே ஆச்சரியம். அதுவரை எந்த வேலையிலும் நான் எதையும் கேட்டதில்லை. பிடிக்கவில்லை என்றால் போய்விடுவேன். பிடித்திருந்தாலும் போய்விடுவேன். இந்தச் சாவி கிடைக்காவிட்டால் இங்கிருந்தும் போய்விடுவேன் என்று எனக்குத் தெரியும். கலாவுக்கும் தெரியும். அவள் அதைச் சொல்லவில்லை. அந்த வாரம் என் பையைத் துவைத்துக் காயப்போட்டிருந்தாள், அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் ஏணி புக் என் கைக்கு வந்தது. பெரிய புத்தகம், தடித்த அட்டை, மேகத்துக்குள் ஏறிப்போகிற ஏணி. டில்லி அதை ஏற்கெனவே படித்தவர். "மாமு, இதான்டா புக்கு! முழுசா முடிச்சிட்டேன். கடைசி அத்தியாயம் கீது பாரு, மெர்சல்!" என்றார்.

படித்தேன். எனக்காகவே எழுதின மாதிரி இருந்தது. 'நீங்கள் கேட்காததால்தான் கிடைக்கவில்லை' என்றது. 'யாரிடம் இருக்கிறதோ அவரிடம் நேரில் போங்கள்' என்றது. சமைக்கவில்லை, தூங்கவில்லை, படித்துக்கொண்டே வண்டியை நகர்த்தினேன். வளைவு வந்தபோது இப்படி ஒரு பக்கத்தில் இருந்தேன்: 'முதலாளியின் முன் நிமிர்ந்து நில்லுங்கள். உங்களுக்கு வேண்டியதை மூன்று வாக்கியங்களில் சொல்லுங்கள். அதன் பிறகு'

அத்தோடு பக்கம் முடிந்தது. திருப்பப் போனேன். ஸ்டெல்லாக்கா கை ஜன்னலுக்குள் வந்துவிட்டது.

"அக்கா, ஒரே ஒரு பக்கம்! திருப்பிப் பாத்துட்டு குடுத்துடறேன்!"

"எல்லாரும் ஒரே ஒரு பக்கந்தான். முன்ன நவுத்து, பின்னாடி ஹாரன் அடிக்கறானுங்க."

புத்தகம் மீன் கூடைக்குள் விழுந்தது. நான் கேட்டுக்குள் போனேன்.

5. மூன்று வாக்கியம்

இரண்டு நாள் யோசித்தேன். மூன்று வாக்கியம் இருக்கிறது, அது போதும் என்று கிளம்பிவிட்டேன். ஷேவ் பண்ணி, கலா தேய்த்துக்கொடுத்த சட்டை போட்டு, திருவொற்றியூர் ஆபீசில் அண்ணாச்சியின் மேஜைக்கு முன்னால் நிமிர்ந்து நின்றேன்.

"அண்ணாச்சி, புது வண்டி எனக்கு வோணும். நான் இதுவரைக்கும் எந்த வண்டியையும் எங்கயும் இடிச்சதில்ல. குடுத்தீங்கன்னா நான் எங்கயும் போவ மாட்டேன்."

மூன்றாவது வாக்கியம் என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று இன்னும் தெரியாது. ஒத்திகையில் அது இல்லை.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார். "பொறவு?"

"அவ்ளோதான் அண்ணாச்சி."

"சரிவே."

அவருக்கு போன் வந்தது. பேசினார். நான் நின்றேன். உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. அதன் பிறகு என்ன செய்ய வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது, புத்தகம் கூடையில் இருக்கிறது. கை கட்டலாமா? கும்பிடலாமா? கண்ணைப் பார்க்க வேண்டுமா, காலைப் பார்க்க வேண்டுமா? ஒன்றும் தெரியாததால் சும்மா நின்றேன். டீ வந்தது. அண்ணாச்சி குடித்தார். டயர் கடைக்காரர் வந்து பேசிவிட்டு, என்னை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். இன்னொரு போன். மேஜையில் சாப்பாட்டுக் கேரியரைப் பிரித்தபோதுதான் அண்ணாச்சி நிமிர்ந்தார்.

"ஏம்வே, இன்னுமா நிக்கேரு? என்னத்துக்கு?"

"அப்பால இன்னா பண்ணணும்னு தெரியல அண்ணாச்சி. அதுக்குள்ள கியூ நவுந்துடுச்சி."

"எந்தக் கியூ?"

எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டெல்லாக்கா, கூடை, ஏணி, 'அதன் பிறகு'. அண்ணாச்சி சோற்றைப் பிசைந்த கையோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"உள்ளதச் சொல்லுதேன். எம் மச்சினன் ஒரு ஆளச் சொல்லியிருக்கான். அவனுக்குத்தான் குடுக்கணும்னு இருந்தேன். ஆனா இப்படிக் கேட்டுட்டு நின்ன ஆள நான் பாத்ததில்ல. எல்லாவனும் கேட்டுட்டு, மொறச்சுட்டுப் போயிருவான்." ஒரு வாய் சாப்பிட்டார். "ஒண்ணு செய்யும். அந்தப் பக்கத்தப் படிச்சிட்டு வாரும். பொறவு என்னன்னு எனக்கும் தெரிஞ்சாவணும். நானே எத்தன தடவ பேங்க்ல மூணு வாக்கியம் சொல்லிட்டு முழிச்சிருக்கேன் தெரியுமாவே? ஆயுத பூஜைக்கு முன்ன வாரும். வரலைன்னா மச்சினன் ஆளுக்குத்தான் சாவி."

மறுநாளே ஆயுத பூஜை.

6. ஏணியைத் தேடி

நேராகக் கியூவுக்குப் போனேன். ஸ்டெல்லாக்கா வாலில் இருந்தார்.

"ஏணியா? காலைல குடுத்தேனே. நீல கலர் கேபினு."

நீல கேபின்! அந்த ரோட்டில் பாதி வண்டி நீலம்தான். டில்லி கியூ வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்: 'ஏணி புக் யாராண்ட கீது? ரொம்ப அவசரம்.' உடனே பதில்கள் வந்தன. 'எத்தனை அடி ஏணி?' 'எங்க ஏறப் போறே?' ஒருவர் தன் வீட்டுப் பரணில் சாய்த்து வைத்திருக்கும் மூங்கில் ஏணியைப் போட்டோ எடுத்து அனுப்பினார். கியூ நடுவில் இருக்கிற ஆயா கடை பக்கத்திலிருந்து ஒருவர் மட்டும் உருப்படியாகச் சொன்னார்: 'நம்ம நெல்லூர் வெங்கட் கையில் பாத்தேன். வளைவு கிட்ட போயிட்டான்.'

அதே நேரத்தில் தூரத்தில் இன்ஜின்கள் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. கியூ நகர்கிறது! வாரக்கணக்கில் ஆமையாய் ஊர்ந்த கியூ அன்று பார்த்து ஓடுகிறது. வளைவில் புத்தகத்தை வாங்க நிற்க வேண்டிய ஸ்டெல்லாக்காவோ என் பக்கத்தில்.

"அக்கா, வெங்கட் பெட்டிய இறக்கிட்டு நேரா நெல்லூருக்குப் போயிடுவான்!"

"உன்னாலதான்டா நான் இங்க நின்னுகினு கீறேன். ஏறு பின்னாடி!"

சுண்டல் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு மொபெட்டில் ஏறினேன். ரோட்டோரக் கருங்கல்லை ஒட்டி வண்டி பறந்தது. ஸ்டெல்லாக்கா கூவிக்கொண்டே ஓட்டினார். "ஏணீ! ஏணி புக்கு! யாரும் வெங்கட்ட உள்ள வுடாதீங்க!" கேபின் கேபினாக டிரைவர்கள் தலையை நீட்டி விசில் அடித்தார்கள். "என்னாச்சு, கல்யாணமா?" "பொண்ணு ஓட்டுது, மாப்ள பின்னாடி கீறாரு!" என் சட்டை முழுக்கச் சுண்டல்.

வளைவில் வெங்கட்டின் வண்டி திரும்பிக்கொண்டிருந்தது. ஸ்டெல்லாக்கா சற்றும் யோசிக்காமல் மொபெட்டைக் குறுக்கே நிறுத்தினார். டிரெய்லர் உறுமி நின்றது. பின்னால் வந்த அத்தனை வண்டியும் ஹாரன். நான் ஃபுட்போர்டில் தாவி ஏறினேன்.

"வெங்கட்! புக்கு!"

வெங்கட் திருட்டு முழி முழித்தார். "இஸ்தானு, இஸ்தானு, குடுக்கறேன். கோப்பட வேணாம்."

"உனக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா?"

"தெரியாது அண்ணா. பொம்ம பாகுந்தி, படம் நல்லாருக்கு. அதான் எடுத்தேன்."

7. அதன் பிறகு

டீக்கடை வாசலில் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு கூட்டமே கூடிவிட்டது. டில்லி, ஸ்டெல்லாக்கா, டீ மாஸ்டர், பக்கெட்டில் குளித்தவர், இன்னும் பத்து பேர். எல்லோருக்கும் அண்ணாச்சி கேட்டது தெரிந்துபோயிருந்தது.

"சத்தமாப் படி மாமு," என்றார் டில்லி. "எனக்குத் தெரியும். இருந்தாலும் படி."

அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தேன். "உங்களுக்கு வேண்டியதை மூன்று வாக்கியங்களில் சொல்லுங்கள். அதன் பிறகு..." பக்கத்தைத் திருப்பினேன். "...குட்டிகளுக்குக் குடற்புழு நீக்க மருந்து கொடுப்பது மிக அவசியம்."

எல்லோரும் புத்தகத்துக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

"இன்னொரு தபா படி," என்றார் ஸ்டெல்லாக்கா.

படித்தேன். அதே புழு, அதே மருந்து. அடுத்த பக்கம் புரட்டினேன். கொட்டகையின் தரை. அதற்கடுத்து பசுந்தீவனம். கடைசி அத்தியாயம், கிடாய்களைத் தேர்வு செய்யும் முறை. முன்பாதித் தாள் வெளுப்பு, பின்பாதித் தாள் பழுப்பு. ஸ்டெல்லாக்காவின் தம்பி பிரிந்து கிடந்த இரண்டு புத்தகத்தை அளவு சரியாக இருக்கிறது என்று சேர்த்துத் தைத்து அட்டை ஒட்டியிருக்கிறார். பாதி முன்னேற்றம், பாதி ஆடு வளர்ப்பு.

ஸ்டெல்லாக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "இத்தினி வருஷமா இத்தினி பேரு வாங்கிப் படிச்சானுங்களே! ஒருத்தனாச்சும் வந்து ஆடுன்னு சொன்னானா?"

எல்லோரும் டில்லியைப் பார்த்தார்கள்.

"யோவ், நீ முழுசா முடிச்சேன்னியே?" என்றார் மாஸ்டர். "கடைசி அத்தியாயம் மெர்சல்னியே? கெடா செலக்ஷனா?"

டில்லி லுங்கியை அவிழ்த்து மறுபடி மடித்துக் கட்டினார். "அது... நான் அத வேற மாதிரி புரிஞ்சிகினேன்பா. ஆடுன்னா நம்ம மனசு. புழுன்னா கெட்ட எண்ணம். கொட்டகைன்னா வூடு."

"பசுந்தீவனம்னா?"

"காய்கறி சாப்புடணும்."

அந்த வளைவில் அன்று எழுந்த சிரிப்பு மாதிரி நான் எங்கேயும் கேட்டதில்லை. குளித்தவர் பெஞ்சிலிருந்து கீழே விழுந்தார். ஸ்டெல்லாக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே தம்பியைத் திட்டினார், திட்டிக்கொண்டே சிரித்தார். சிரித்து முடித்தபோதுதான் எனக்கு நினைவு வந்தது. மறுநாள் ஆயுத பூஜை. கையில் இருந்தது ஆடு.

"ஏதாச்சும் நீயே சொல்லிடு மாமு," என்றார் டில்லி. "அப்பால கை குடுக்கணும்னு போட்டிருக்குன்னு சொல்லு. அண்ணாச்சி வந்தா பாக்கப் போறாரு?"

சொல்லியிருக்கலாம். ஆனால் மூன்றாவது வாக்கியம் மனசில் உறுத்தியது. அது தானாக வந்த வாக்கியம், அதற்குப் பக்கத்தில் ஒரு பொய்யை வைக்க மனம் வரவில்லை. ஸ்டெல்லாக்காவிடம் புத்தகத்தைக் கேட்டேன். வாழ்நாளில் முதல் முறையாக அவர் ஒரு புத்தகத்தை கியூவுக்கு வெளியே விட்டார்.

8. அண்ணாச்சியின் மந்தை

மறுநாள் ஆபீஸ் வாசலில் புது டிரெய்லர் நின்றது. மாலை, சந்தனம், வாழைக்கன்று. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். மச்சினனும் அவருடைய ஆளும் வெள்ளைச் சட்டையில் நின்றிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அண்ணாச்சி பூசணிக்காயைக் கீழே வைத்தார்.

"வாரும். பொறவு என்ன?"

புத்தகத்தைத் திறந்து நீட்டினேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார். குடற்புழு என்ற இடத்தில் நின்றார். முன்பக்கம் திருப்பினார், பின்பக்கம் திருப்பினார். தோள் குலுங்க ஆரம்பித்தது. பிறகு அண்ணாச்சி சிரித்த சிரிப்பில் அவருக்கு இருமல் வந்து, மச்சினன் முதுகில் தட்ட வேண்டியதாயிற்று.

"ஏ கூறுகெட்டவனே! ஆட்டப் பத்தி இருக்குன்னு தெரிஞ்சும் இதத் தூக்கிட்டு வந்தேரா? வேற ஏதாவது கத சொல்லியிருக்கலாம்லா?"

"நீங்க படிச்சிட்டு வான்னீங்க அண்ணாச்சி. இதான் கீது."

அண்ணாச்சிக்கு ஊரில் ஆடு உண்டு என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அங்கேயே நின்று அந்தப் பழுப்புத் தாளை நாலைந்து பக்கம் ஆசையாகப் படித்தார். பூஜைக்கு வந்த ஐயர் நல்ல நேரம் போகிறது என்று இரண்டு முறை சொன்னார். ஒரு பக்கத்தில் அண்ணாச்சியின் விரல் நின்றது. எல்லோருக்கும் கேட்கப் படித்தார்.

"'புதிதாக வாங்கிய ஆட்டை உடனே மந்தையில் சேர்க்கக் கூடாது. சில நாட்கள் தனியாகக் கட்டிவைத்து, தீவனம் எடுக்கிறதா, நோய் இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும்.' சரியாத்தான் போட்டிருக்கான்." புத்தகத்தை மூடினார். "ஏழுமலை, நீரு எவ்வளவு ஊரு மேஞ்ச ஆடுன்னு எனக்குத் தெரியும்வே. சாவிய நிரந்தரமாத் தரல. பொங்கல் வரைக்கும் தனியாக் கட்டிப் பாக்கேன். நிக்கேரா, ஓடுதேரான்னு."

மச்சினன் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அண்ணாச்சி புத்தகத்தைக் காட்டினார். "புக்குல போட்டிருக்குடே."

மச்சினன் சொன்ன ஆளுக்கு என் ஸ்பேர் வேலை கிடைத்தது. நல்ல டிரைவர். இப்போது அவருக்கும் சொந்தமாக ஒரு வண்டி இருக்கிறது. பூசணிக்காய் உடைந்தது. சாவி என் கைக்கு வந்தது. வண்டியை எடுத்து, ஒரு குழந்தை தவழ்கிற வேகத்தில் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றினேன். என்னோடு வந்திருந்த டில்லி குத்தாட்டம் ஆடினார்.

பொங்கல் வந்தது, போனது. அண்ணாச்சி சாவியைத் திரும்பக் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. அந்த டேஷ்போர்டில் நானே தேர்ந்தெடுத்த சாமி இருக்கிறது. கலா ஒருநாள் கேபினில் ஏறி, மெத்தையை அழுத்திப் பார்த்து, ஜன்னலுக்குத் திரை தைத்துக் கொடுத்தாள். வேறு எந்த வேலைக்கும் அவள் எதுவும் தைத்துக் கொடுத்ததில்லை.

தம்பிகளே, முன்னேற்றப் புத்தகம் படியுங்கள். கேலி பண்ணுகிறவர்கள் பண்ணட்டும். எனக்கு அது ஆசைப்படக் கற்றுக்கொடுத்தது. எட்டாவதுக்கு அப்புறம் யாரும் எனக்கு அதைக் கற்றுக்கொடுக்கவில்லை. ஆனால் அன்று ஆபீசில் நடந்தது எந்த அத்தியாயத்திலும் இல்லை. அதுவரை ஒவ்வொரு ஊரிலும், யாராவது இல்லை என்று சொல்வதற்கு முன்பே நான் கிளம்பியிருந்தேன். சரி என்று சொல்லியிருப்பார்களோ என்னவோ, அதைக் கேட்க நான் அங்கே இருந்ததில்லை. அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற ஒரே இடம் அண்ணாச்சியின் மேஜைதான். அதனால் பதில் என் காதில் விழுந்தது. கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வருகிற வரைக்கும் அங்கேயே நில்லுங்கள். நமக்குத்தான் நின்று பழக்கமாயிற்றே.

போன வாரம் அண்ணாச்சியின் முன்னால் போய் நின்று, வெயில் தாங்கவில்லை, கேபினுக்கு ஏசி வேண்டும் என்று கேட்டேன். முறைத்தார். நின்றேன். டீ வந்தது, போன் வந்தது, கேரியர் வந்தது. இப்போதைக்கு ஒரு ஃபேன் வந்திருக்கிறது. திங்கட்கிழமை மறுபடி போய் நிற்பேன்.